இரண்டாயிரம் வெள்ளிக் கோடு

திடீரென்று எஞ்சின் அலறுகிறது. லகாட் ஊர்க் கார்ப் பட்டறையின் தகரக் கூரையிலிருந்து மைனாக்கள் சிதறிப் பறக்கின்றன. ஐவனின் பழைய காருக்கு வேகம் கூட்டித் தருவதாகச் சொன்ன தேவன், காரோடு இணைத்த மடிக்கணினியின் வயரைக் கழற்றிவிட்டு, அழுக்கே படாத விரல்களைத் துணியில் துடைக்கிறார். திரையில் சிவப்புக் கோடு ஒன்று அழகாக ஏறி நிற்கிறது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த இரண்டாயிரம் வெள்ளி ஐவனின் சட்டைப் பையில் புடைத்திருக்கிறது. அதன்மேல் அவன் கை.

"பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டாயிரமா அண்ணே?"

"நிமிஷத்துக்கா காசு? ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா கணக்குப் போட்டு புரோகிராம் எழுதுறேன் தம்பி. மூளைக்குத்தான்லா காசு!"

தனக்கு முன்னால் வந்தவரின் காருக்கும் திரையில் இதே கோடுதான் ஏறியதாக ஐவனுக்குத் தோன்றுகிறது. கை நகர மறுக்கிறது. தேவன் ரசீது எழுதப் பேனாவை உதறிவிட்டு நிமிர்கிறார்.

"ஆமா தம்பி, ஒன் வண்டி எஞ்சின் எத்தன சிசி? ஆயிரத்து முந்நூறா, ஐந்நூறா?"