ஈடு வைத்த மெஷின்

நீதிபதி தீர்ப்பை வாசிக்கிறார். சலவைக்கடைக்காரிக்கு பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. மின்விசிறியின் சத்தத்தில் பாதி வார்த்தைதான் காதில் விழுகிறது. முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். பக்கத்தில் கணவன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த சலவை மெஷினை, தவணை பாக்கி இல்லாதபோதே கடன் கொடுத்த கம்பெனியின் ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். எதிர்வீட்டு நர்ஸின் வெள்ளைச் சீருடைகள் அப்போது நுரையோடு உள்ளே கிடந்தன. “துணியையாவது எடுத்துக் குடுத்துட்டுப் போங்கண்ணா” என்று அவள் வண்டிக்குப் பின்னால் ஓடியதைத் தெருவே பார்த்தது. கம்பெனி வக்கீல் பாதியில் எழுகிறார். “பழைய மெஷின் ஐயா, அடிமாட்டு விலைக்குத்தான் போச்சு.” நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். “அது ஓடித்தானே இவங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது? மெஷின் விலையோட, கடை மூடிக் கிடந்த நாளுக்கும் நஷ்ட ஈடு குடுங்க.” கணவன் அவள் கையைப் பிடித்து அழுத்துகிறான். “ஜெயிச்சுட்டோம்டி.” அவள் சட்டென்று எழுந்து நிற்கிறாள். “மெஷின் எப்பய்யா வரும்?” அவளுடைய வக்கீல் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். “அது வராதும்மா. எப்பவோ வித்துட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் பணம்.” அடுத்த வழக்குக்காரர்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். வெளியே வராந்தாவில் வெயிலுக்குக் கண் கூசுகிறது. கணவன் யாருக்கோ போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். “ஏங்க, அதோட கதவு ரெண்டு தட்டு தட்டினாத்தானே மூடும். வாங்கினவங்களுக்கு அதை யாரு சொல்லியிருப்பா?”