பத்து மணி ஜெபம்

“என் தம்பியைக் கொல்ல நாள் குறிச்சிட்டு, என்னை வேற அழைக்க வந்தியா?”

ஆராதனை முடிந்து வெளியே வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? நாத்தனாருக்குச் சபையில் வைத்திருந்த பெயரே ‘லவுட்ஸ்பீக்கர்’. அவள் ஜெபிக்க எழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

தம்பி மனைவி கூனிக் குறுகிப் போனாள்.

“அண்ணி, எலும்பு வரைக்கும் புற்று போயிடுச்சு. போர்வை பட்டாலே கத்தறார். எந்த மருந்தும் கேக்கல. இந்த நாட்டுச் சட்டப்படி ரெண்டு டாக்டர் பார்த்து ஒத்துக்கிட்டாங்க. புதன்கிழமை பத்து மணிக்கு ஊசி. நீங்க பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படறார்.”

“உயிரைக் கொடுத்தவர் எடுத்துக்கட்டும். நடுவுல டாக்டர் யாரு?”

“கொடுத்தவர் கையிலதான் திருப்பிக் கொடுக்கறேன்னு சொல்றார் அண்ணி. சிலுவையில வலிபட்டவருக்கு என் வலி புரியாதான்னு கேக்கறார்.”

“பஸ் ஓட்டினவன் எப்போ பிரசங்கியார் ஆனான்?”

நாத்தனார் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“புதன்கிழமை விடிஞ்சதுலேர்ந்து சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஆலயத்துல தனியா. பத்து மணி எனக்கு. அந்த நேரம் வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

சரியாக அதே நேரம்! டாக்டர் கையைக் கட்டிப்போட ஆண்டவரையே துணைக்குக் கூப்பிடுகிறாளே என்று பொருமியபடி தம்பி மனைவி படி இறங்கினாள்.

புதன்கிழமை. டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவசரமே இல்லை. நீங்க சொல்றப்பதான். வேண்டாம்னாலும் சரி, கிளம்பிடறேன்.”

கணவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா வரலையா?”

அவள் வாசல் கதவை இன்னும் அகலத் திறந்து வைத்தாள்.

“அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவ. அவளைக் கோபத்துல விட்டுட்டு, மேல போய் எந்த முகத்தோட நிப்பேன்?” அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. “டாக்டரைப் போகச் சொல்லு. பல்லைக் கடிச்சுக்கறேன்.”

பல்லைக் கடிக்கக்கூட அந்த உடம்பில் தெம்பு இல்லை.

“கொஞ்சம் இருங்க டாக்டர்” என்றவள், செருப்புகூடப் போடாமல் தெருக்கோடி ஆலயத்துக்கு ஓடினாள். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, நாத்தனாரைக் கையோடு இழுத்துக்கொண்டு போவது.

கதவைத் தள்ளினாள். எல்லா பெஞ்சும் காலி. முன்னால் நாத்தனார் முழங்காலில் இருந்தாள். லவுட்ஸ்பீக்கரின் குரல் பக்கத்தில் போன பிறகுதான் கேட்டது.

“...நான் போய் நின்னா, என் முகத்தைப் பார்த்துட்டு எனக்காக இன்னும் நாலு நாள் வலி தாங்குவான் ஆண்டவரே. அதான் கூப்பிட வந்தவளைத் திட்டி விரட்டிட்டேன். தடுத்து நிறுத்துங்கன்னு இந்த நேரத்துல யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான் பத்து மணியை நானே பிடிச்சுக்கிட்டேன். டாக்டர் கை நடுங்காம பார்த்துக்கங்க...”

கொண்டுவந்த நாலு கேள்வியும் மறந்துபோக, தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“சின்ன வயசுல காய்ச்சல் வந்தா பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியிலேயே வந்துடுவான். திட்டு விழும்னு வாசல்லயே நிப்பான். நான் ஒண்ணும் கேக்காம பாயை விரிச்சுப் போடுவேன். இன்னிக்கும் அப்படித்தான் வரான். ஏன்டா சீக்கிரம் வந்தேன்னு மட்டும் கேட்டுடாதீங்க அப்பா.”