அடுப்புக்கு ஆள் தேவை

“பிசைஞ்சு பிசைஞ்சு கை தேஞ்சதுதான் மிச்சம். நான் பஸ் ஓட்டக் கத்துக்கப் போறேன், பாருங்க!”

“பஸ்ஸா? சைக்கிள்ல போனாலே சுவரைத் தேடிப் போய் இடிப்பே நீ!” என்றார் பேக்கரிக்காரர், தட்டை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே.

“சிரிங்க, சிரிங்க. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு இந்த வாசல்லயே நிறுத்தி ஹாரன் அடிக்கிறேன். ‘ரொட்டிக்காரரே, டிக்கெட் எடுங்க’ன்னு.”

“அம்பது வயசுக்கு மேல யாரு உனக்குக் கத்துக்கொடுப்பா?”

“கேட்டாத்தானே தெரியும்?”

சொல்லிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள் அவர் மனைவி. பிறகு எழுந்திருக்கவில்லை.

ஏழு மாதம் ஆகிவிட்டது. மாவு அவள் பொறுப்பு, அடுப்பு இவர் பொறுப்பு என்று ஓடிய கடை. இப்போது இரண்டும் இவர் தலையில். மாவைக் கவனித்தால் ரொட்டி கருகியது. ரொட்டியைக் கவனித்தால் மாவு புளித்துப் பொங்கியது. செய்தி கேட்டுத் தங்கை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் இருந்த நிலையைப் பார்த்துத் திரும்பிப் போக மனமில்லாமல் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். ‘அடுப்புக்கு ஆள் தேவை’ என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியவளும் அவள்தான்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேக்கரிக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாவில் கையை வைத்தார்.

“அடுப்பு வேலை தெரியுமா?” தங்கைதான் கேட்டாள்.

“பதினொரு வருஷமா அதேதாம்மா. ரொட்டி மட்டும் சுட்டதில்லை. கத்துக்குவேன். சூடு பார்க்க நல்லாத் தெரியும்.”

“எவ்வளவு சூடு?”

“எழுநூறு, எண்ணூறு டிகிரி.”

“அடேயப்பா! இங்கே இருநூத்தி இருபதுதான். எண்ணூறுல ரொட்டி வராது, செங்கல்தான் வரும்.”

அந்தப் பெண் அலமாரியில் இருந்த ஒரு ரொட்டியைக் காட்டினாள். “இதெல்லாம் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும்மா. அடுப்போட பின்மூலையில சூடு தங்குது. பாதியில தட்டைத் திருப்பி வைக்கணும்.”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். உண்மைதான். ஏழு மாதமாக அவர் மறந்துகொண்டே இருப்பது அதைத்தான்.

“சரி, இதுக்கு முன்னாடி எங்கே வேலை?”

“ஒரு வாரம் என் வேலையைப் பாருங்கம்மா. அப்புறம் சொல்றேன்.”

“அதென்ன மூடுமந்திரம்? செங்கல் சூளையா? கண்ணாடி ஃபேக்டரியா?”

“இல்லம்மா.”

“ஏன் விட்டே, அதையாவது சொல்லேன்.”

“நான் விடலை. லேட் பண்றேன்னு நாலு மெமோ கொடுத்தாங்க. அஞ்சாவது தடவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“கெட்டுது போ! ரொட்டி அடுப்புல அஞ்சு நிமிஷம் லேட்டானாக் கரிதான். அண்ணே, கேட்டீங்களா?”

அண்ணன் மாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

“கருக விடமாட்டேம்மா. ரெண்டு இடத்துல கேட்டுட்டேன். இடத்தோட பேரைச் சொன்னதும் எழுந்து கதவைத் திறந்து விட்டுட்டாங்க. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. வயித்துப்பாடு ஒரு பக்கம்…” அவள் தயங்கினாள். “அடுப்பைத் திறக்கிறப்போ எதிர்ல நிக்கிறவங்க முகம் மலர்ந்து ஒரு தடவையாவது பார்க்கணும்மா. அதுக்குத்தான் வேற வேலை கத்துக்கலாம்னு கிளம்பினேன்.”

“பேச்சை மாத்தாதே. ஜெயில்லயா வேலை பார்த்தே?”

“ஜெயிலுக்குள்ள போனவங்க திரும்பி வருவாங்களேம்மா.” அதற்குமேல் ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. “மின்மயானத்துல. அடுப்பு ஆபரேட்டர்.”

தங்கை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அய்யோ! சாப்பிடற பொருளாச்சே அண்ணே! நாலு பேருக்குத் தெரிஞ்சா ஈ காக்கா கூடக் கடைக்கு வராது. போம்மா, நீ முதல்ல கிளம்பு.”

அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

“நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வந்துடுங்க,” என்றார் பேக்கரிக்காரர்.

“அண்ணே! புத்தி பிசகிடுச்சா உங்களுக்கு? இவங்க யாரு, எவருன்னு தெரியுமா?”

“தெரியும். நீ வந்து சேர்றதுக்கு முன்னாடி, உங்க அண்ணியைக் கொண்டுபோய் அங்கே வெச்சிருந்தோம். எங்களுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு குடும்பம் வரிசையில. ஆகட்டும், ஆகட்டும்னு ஆளாளுக்குச் சத்தம். எனக்கு அவ கையை விட முடியலை. அப்போ இவங்கதான் வந்து, ‘அடுப்பு இன்னும் சூடேறலை, பத்து நிமிஷமாகும்’னு எல்லாரையும் நிறுத்தி வெச்சாங்க.”

அந்தப் பெண் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

“இருக்கும் சார். சில நாள் சூடேற நேரமாகும்.”

பேக்கரிக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

“அன்னிக்கு உங்க அடுப்போட முள் எண்ணூறைத் தொட்டு நின்னுக்கிட்டிருந்ததும்மா,” என்றார். “இருபத்தாறு வருஷமா அடுப்பு முள்ளைப் பார்த்தே பிழைக்கிறவன் நான்.”