இந்த வார ரெஃபரல்

சக வியாபாரிக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் ரெஃபரல், வாரம் ஒன்றாவது கொடுக்காதவர்களை வியாபாரிகள் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். பெயின்ட் கடை நிவேதனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அவர் பெயரில் குழுவில் பேசுவதும் ஆள் பிடித்துக் கொடுப்பதும் போனிலிருக்கும் ஏஐதான்.

ஆஸ்பத்திரியில் மனைவி ஷர்மிக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. அதே குழுவில் இருக்கும், சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் ஆன்டோ அனுப்பியிருந்தான்.

"ரெஃபரலுக்கு நன்றிண்ணே. வெள்ளிக்கிழமை பாக்ஸ் வந்துடும்."

யார் வீட்டுக்கு? பதறிப்போய் மேலே தள்ளிப் பார்த்தார். ஏஐ கொடுத்திருந்தது அவருடைய வீட்டு முகவரியைத்தான். காலையில் போனுக்கு வந்த ஷர்மியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் இன்னும் திறக்கவேயில்லை. ஏஐ படித்துவிட்டிருந்தது.

வாயிலிருந்ததை மென்றபடி ஷர்மி கேட்டாள்: "ஏங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்ல?"