பாசிப் பச்சையும் செங்கல் சிவப்பும்

"படிச்சவங்கதானே எல்லாரும்? பச்சைக்கும் சிவப்புக்குமா வித்தியாசம் தெரியாது?"

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இதைக் கன்னடத்தில் காரசாரமாகத் தட்டிப் போட்டுவிட்டுத்தான் ஸஞ்சனா காபியையே கையில் எடுத்தாள். முதல் ஆளாக அதற்குக் கட்டைவிரல் பொம்மை போட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வேதாந்த்.

கோபம் வராதா பின்னே? குவெம்புநகரில் அந்த அபார்ட்மெண்டின் குப்பைத் தொட்டிகளை வடிவமைத்துக் கொடுத்தவளே அவள்தான். கிராஃபிக் டிசைனர். ஒரு காலத்தில் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பளபளவென்று கலர் போட்டுக்கொண்டிருந்தவள். ரிங் ரோடு ஓரத்துக் குப்பை மேட்டில் தான் வரைந்த பாக்கெட்டே காற்றில் பறப்பதை ஒருநாள் பார்த்தாள். மனசு வெறுத்துப்போய், இனி மண்ணுக்குக் கெடுதல் பண்ணாத வேலைதான் என்று முடிவு எடுத்துவிட்டாள்.

பழைய தொட்டிகளில் வாழைப்பழத் தோல் படமும் செய்தித்தாள் படமும் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கர்கள் இருந்தன. கண்றாவி என்று தொட்டிகளையே ஓரங்கட்டினாள். வீணாய்க் கிடந்த பெயிண்ட் டிரம்களைத் தேடிப் பிடித்து, மண் சாயம் பூசினாள். ஈரக் குப்பைக்குப் பாசிப் பச்சை, உலர்ந்த குப்பைக்குச் செங்கல் சிவப்பு. ஒரு எழுத்து கிடையாது, ஒரு படம் கிடையாது.

பார்த்தவர்கள் எல்லாம் என்ன அழகு என்றார்கள். ஒரு காலேஜில் பேசக்கூடக் கூப்பிட்டுவிட்டார்கள். 'மனிதர்களிடம் காட்டிப் பார்க்காமல் எந்த டிசைனையும் முடிக்காதீர்கள்' என்பதுதான் அவள் பேச்சின் முதல் வரி. அவள் காட்டிப் பார்த்த மனிதர் வேதாந்த் ஒருவன்தான், அது வேறு விஷயம். ஆனால் அவனுக்கு அப்படி ஒரு கலர் ஞானம். எந்த இரண்டு கலரைக் காட்டினாலும், அவள் மனசில் இருப்பதையே தொட்டுச் சொல்வான்.

இவ்வளவு அழகாகத் தொட்டி வைத்த பிறகுதான் யாரோ குப்பையை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார்கள். கலந்த குப்பையை எடுக்க மாட்டோம் என்று மாநகராட்சி வண்டி போய்விட்டது. கீழே நாற்றம் குடலைப் பிடுங்கியது. இப்படியே போனால் பழைய தொட்டிகளையே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபட்டது.

ஸஞ்சனா விடுவாளா? கேமராவைப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்ததும் படத்தைக் குழுவிலேயே போடுங்கள் என்று செயலாளர் நஞ்சுண்டசாமியை நச்சரித்து எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். உள்ளே வரவில்லை. அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார்.

வண்டி குப்பையை எடுக்க மறுத்ததற்கு முந்தின நாள் காலை. வண்டி வந்துபோய், தொட்டிகள் காலியாக இடம் மாறி நிற்கின்றன. ஒருவன் இரண்டு பைகளுடன் வருகிறான். அந்தத் தொட்டியைப் பார்க்கிறான், இந்தத் தொட்டியைப் பார்க்கிறான். யாராவது வருகிறார்களா என்று திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்க்கிறான். பிறகு சடாரென்று பச்சையில் செய்தித்தாளையும் சிவப்பில் காய்கறித் தோலையும் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறான்.

வேதாந்த்.

வேறு யாருக்கும் காட்டவில்லை, அழித்துவிடுகிறேன் என்று சொன்ன நஞ்சுண்டசாமி, அவள் முகத்தைப் பார்க்காமலே மாடிப்படி இறங்கிப் போனார். ஸஞ்சனாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

உள்ளே வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"எம்மேல என்ன கோபம் உனக்கு? என் பேரு வெளியில தெரியறது பிடிக்கலையா?"

வேதாந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேணும்னு பண்ணலை ஸஞ்சு. எனக்கு அந்த ரெண்டு தொட்டியும் ஒரே மாதிரிதான் தெரியறது."

"என்ன உளர்றே?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பச்சையும் சிவப்பும் எனக்குப் பிரிச்சுத் தெரியாது. சிக்னல்ல மேல எரியறதா கீழ எரியறதான்னு பார்த்து ஓட்டிடுவேன். பழைய தொட்டியில படம் இருந்தது. நீ வச்சதுல ஒண்ணும் இல்லையே. யாராவது வந்தா, அவா எதுல போடறான்னு பார்த்துப் போடலாம்னு தினம் நிப்பேன்."

மார்க்கெட்டுக்குப் போனால் காயும் பழமுமாகத் தக்காளி பொறுக்கிக்கொண்டு வருவான். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள் அவள். காலையில் போட்ட கட்டைவிரலும் ஞாபகம் வந்தது. எப்படித்தான் போட்டானோ பாவி!

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பெண் பார்க்க வந்தன்னிக்கு உனக்குப் பிடிச்ச கலர் எதுன்னு கேட்டே. நீ கட்டிண்டிருக்கற கலர்னு சொல்லிட்டேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஸஞ்சனா போனை எடுத்தாள். குழுவில் காலையில் போட்டதை அழித்தாள். 'தப்பு குப்பை போட்டவர் மேல் இல்லை. என் தொட்டி மேல்தான். நாளைக்கே படம் வரைந்து எழுதி வைக்கிறேன்' என்று தட்டினாள். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா ரெண்டு கலரைக் காட்டி எதுன்னு கேட்டப்பல்லாம், எப்படிக் கரெக்டா சொன்னே?"

"கலரை எங்க பார்த்தேன்? ஒவ்வொண்ணா காட்டறச்சே எதுக்கு உன் முகம் மலர்றதோ, அதைச் சொல்லிடுவேன்."