கடைசி இலக்கம்

நூறு கோடியே மூன்று என்ற எண் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது என்று நிறுவியது. பேராசிரியர் தாவீது பொன்னையாவின் புகழெல்லாம் இதுதான். கணிப்பொறி வராத காலம். கணிதத் துறையே காகிதத்தில் வகுத்துப் பார்த்தது. பதவிப்படி பங்கு பிரித்தார்கள். நூற்றுக்குக் கீழுள்ள சில்லறை எண்கள் துறைத்தலைவரான அவருக்கு. ஐந்திலக்கத் தடியன்களெல்லாம் புதிதாகச் சேர்ந்த ஜெபகனிக்கு. தலைவர் தன் பங்கை வகுக்காமலே கையெழுத்துப் போட்டார். தலைவரின் கணக்கைத் திருத்த எவருக்குத் துணிச்சல்? பாராட்டு விழா முடிந்த வாரம் ஜெபகனி சும்மா வகுத்துப் பார்த்தாள். இருபத்து மூன்றால் மீதியில்லாமல் போனது. நிஜமாகவே வகுபடாத எண் நான்கு தள்ளி இருந்தது, நூறு கோடியே ஏழு. வேலை நிரந்தரமாகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அப்புறம் முப்பது வருடம் அவர் மேடைதோறும் முழங்கினார். அவள் முன்வரிசையில் கைதட்டினாள்.

இப்போது அவர் கல்லறையில், பெயருக்குக் கீழே, கல் கொத்துகிறவர் ஒன்றையும் எட்டுச் சுழியங்களையும் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசி நம்பர் என்ன டீச்சர்?"

"ஏழு" என்றாள் ஜெபகனி. பக்கத்தில் நின்ற பேராசிரியரின் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் மறுக்கவில்லை.

"கடைசி ஒரு வருசமா அவுகளும் ஏழு, ஏழுன்னுதான் சொன்னாக, கனி. வயசாயிட்டு, மறந்துட்டாகன்னு நெனச்சி நான்தான் மூணு மூணுன்னு திருத்திக்கிட்டே இருந்தேன். 'சரி, மூணு'ன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிடுவாக."