கணவாய் மை

துரத்தி வரும் மீனுக்கு முன்னால் கணவாய் தன் உருவத்திலேயே மையைக் கக்கிவிட்டு நழுவும், மீன் அந்த மையைக் கடிக்கும் என்று ரெக்சலினுக்குச் சொன்னது அவள் கணவன் பெர்க்மான்ஸ்தான். "மீனுக்கு அவ்வளவுதாம் மூள" என்று அன்று சிரித்தான்.

இன்று குளியலறைக்கு வெளியே நின்றான். உள்ளே குழாய் ஓடியது. கதவின் மேல் அவள் நைட்டி தொங்கியது.

"போன்ல யாருட்டடி பேசுன? வெளிய வா, பல்லப் பேத்துருவேன்."

திட்டித் தீர்த்த பிறகுதான் கதவை உதைப்பது அவன் வழக்கம். இன்று திட்ட நிறைய இருந்தது.

கதவுக்கு அடியில் வழிந்த தண்ணீர் கறுப்பாக வந்து அவன் காலை நனைத்தது. உதைத்தான். தாழிடாத கதவு சுவரில் மோதித் திரும்பியது. உள்ளே வாளியில் கழுவாத கணவாய் மட்டும் கிடந்தது.

தெருமுனையில் பேருந்து கிளம்பியபோது, அவன் நைட்டியின் கழுத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.